ஊசி வரிசையில் இடம் போட்டவன்

வரிசையில் இடம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஐம்பத்து மூன்று வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடையில் பையை வைத்து இடம் போட்டிருக்கிறேன். பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் போட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் ஆபீசில் முன்னால் நின்றவரிடம் "சார், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய், இட்லி, வடை, காபி எல்லாம் முடித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றிருக்கிறேன். அமெரிக்காவில் மில்பிடாஸுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியும் அந்தத் திமிர் குறையவில்லை. அந்தத் திமிரோடு ஒருநாள் என் மகனுக்குக் குரங்கம்மை ஊசி வாங்கித் தரக் கிளம்பினேன். அவனுக்கு நோய் வாங்கிக் கொடுத்திருப்பேன். மயிரிழையில் தப்பினான்.

இப்போது அதற்கு எம்பாக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நான் சொல்வது கோவிட் ஓய்ந்து ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிய கோடைக்காலம். அப்போது எல்லோரும் குரங்கம்மை என்றுதான் சொன்னார்கள், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு. நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்குச் சம்பந்தம் இருந்தது.

என் மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவன் தன் இருபத்திரண்டாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னான். இதற்குத் தமிழில் இப்போது மரியாதையான வார்த்தை இருக்கிறது என்கிறாள் மனைவி. எனக்குத் தெரிந்த வார்த்தைகள் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் கற்றவை. அவற்றை எழுத முடியாது. அன்று என் மனைவி அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "காருக்கு ஆயில் மாத்தினியா?" என்று கேட்டேன். சத்தியமாக அதைத்தான் கேட்டேன். அவன் "மாத்திட்டேன்" என்றான். நான் எழுந்து கராஜுக்குப் போய் ஒரு மணி நேரம் திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கினேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு ஆயில், டயர், பிரேக் என்றே போனது. பிறகு அவன் காரையும் விற்றுவிட்டான். கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டு, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சிட்டியில் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடும் வேலைக்குச் சேர்ந்தான். பேச எதுவுமே இல்லாமல் போயிற்று. மனைவிதான் தினமும் போனில் பேசுவாள். "அப்பா பக்கத்துல இருக்காரு, பேசறியா?" என்பாள். "இல்லம்மா, லேட்டாச்சு" என்பான். நானும் "அவனுக்கு நேரமாச்சாம், விடு" என்பேன். நல்ல ஒற்றுமை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தொழிற்சாலையில் வேக்யூம் பம்ப் ரிப்பேர் செய்வது என் வேலை. இருபது வருஷ இரைச்சலில் என் குரலும் பம்ப் மாதிரி ஆகிவிட்டது. மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"அவனோட ஃப்ரெண்டுக்கு அந்த அம்மை வந்திருக்காம். நேத்து ராத்திரி டெஸ்ட்ல தெரிஞ்சுதாம்."

"எந்த ஃப்ரெண்டு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. ஷூவின் கயிற்றை மறுபடி கட்ட ஆரம்பித்தேன், எதற்கு என்று தெரியாமல்.

விஷயம் இதுதான். அவர்கள் இருவரும் கடைசியாகச் சந்தித்தது சனிக்கிழமை. நான்கு நாளுக்குள் ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைத் தாண்டினால், வந்தாலும் கொஞ்சம் லேசாக வரும், அவ்வளவுதான். அந்த ஃப்ரெண்டுக்குத் தொண்டைக்குள் புண் வந்து எச்சில் விழுங்கவே அழுகிறானாம். ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு. சிட்டியில் ஒரு கிளினிக்கில் தினமும் எண்பது பேருக்கு மட்டும் போடுகிறார்கள். விடியும் முன்னே போய் நிற்க வேண்டும். மகன் அன்று காலை பேக்கரி வேலை முடிந்து எட்டரைக்குப் போயிருக்கிறான், எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் புதன், நான்காவது நாள்.

மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவன் இங்கிலீஷில்தான் பேசுவான். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். அப்படியே எழுதினால் என் இங்கிலீஷையும் எழுத வேண்டிவரும், அந்த அவமானம் வேண்டாம்.

"நாளைக்கு ஷிஃப்ட்ட மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன்மா. கூட வேலை செய்யறவங்க சரின்னுட்டாங்க. நான் அஞ்சு மணிக்கே போய் நின்னுடுவேன்."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. "எதுக்கு ஷிஃப்ட் மாத்தற? நான் போய் நிக்கறேன். நீ வேலை முடிச்சு எட்டேகாலுக்கு வந்து மாறிக்கோ."

"அப்படியெல்லாம் நிக்க விடமாட்டாங்கப்பா" என்றான்.

"எந்த ஊர்லடா விடமாட்டாங்க?"

"இந்த ஊர்ல."

"எனக்குத் தெரியாத க்யூவா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மெட்ராஸ்ல விசா க்யூவுல நின்னவன்டா நான். நீ வந்து மாறிக்கோ, போதும்."

"ஓகேப்பா" என்றான். ஏன் சரி என்றான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. நான் கெட்டிக்காரன் என்பதை ஒப்புக்கொண்டான் என்று நினைத்தேன்.

காலை ஐந்தேகாலுக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்குள் நாற்பத்திரண்டு பேர் நின்றார்கள். எண்ணினேன், நான் நாற்பத்து மூன்று. எண்பதில் நாற்பத்து மூன்று, முதல் வகுப்பு. கம்பெனி பெயர் வெளியே தெரியாமல் ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டேன். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டேன். இந்திய முகம் ஒன்று நடைபாதையில் ஜாகிங் போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓடுகிறவனுக்கு நான் யார் என்று கவலையா? ஆனாலும் திரும்பினேன்.

வரிசையில் பெரும்பாலும் ஆண்கள். சிலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒருவர் நாயோடு வந்திருந்தார். எனக்கு முன்னால், நாற்பத்திரண்டாவது ஆள், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். மடக்கு நாற்காலி, ஃப்ளாஸ்க் எல்லாம் கொண்டுவந்து வசதியாக உட்கார்ந்திருந்தார். எனக்கும் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார்.

"முதல் ஊசியா, ரெண்டாவதா?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். "எனக்கில்லை, என் மகனுக்கு." மூன்று வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அடுத்த கேள்விக்கு நான் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்தில் நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மனைவியிடம்கூட "அந்த விஷயம்" என்றுதான் சொல்வேன்.

"முதல்" என்றேன்.

"பயப்படாதீங்க. கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். தனியா வந்தீங்களா?"

"ஆமா."

"வீட்ல தெரியுமா?"

"என் ஒய்ஃப்தான் அலாரம் வச்சு எழுப்பி அனுப்பினா."

அவர் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு மரியாதையோடு என்னை இந்த நாட்டில் எவரும் பார்த்ததில்லை. "அற்புதமான பெண்மணி" என்றார். நான் தலையாட்டினேன். மகன் யார் என்று சொல்லக் கூசி, நான்தான் அது என்று ஒருவரை நம்பவிட்டு, அவர் காபியையும் குடித்துக்கொண்டு நின்றேன். இதில் என்ன மானம் மிஞ்சியது என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை.

பொழுது விடிந்தது. குளிர் விட்டதும் சட்டைக் கையைச் சுருட்டினேன். என் இடது புஜத்தில் சின்ன வயதில் போட்ட பெரியம்மை ஊசியின் தழும்பு இரண்டு, பத்துப் பைசா அளவில். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையையும் தோள்வரை ஏற்றிக் காட்டினார். அவருக்கு ஒன்றுதான். "நீங்க ஜெயிச்சீங்க" என்றார். சிரித்தோம். பிறகு அவரே சொன்னார்: "என் வயசுக்காரங்களுக்கு இந்த மாதிரி க்யூ புதுசில்ல. அப்போ எய்ட்ஸுக்கு நின்னோம், அதுக்கு ஊசியே இல்ல. நின்னவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல." நான் மூடியைக் கழுவிக் கொடுக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

ஏழரைக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் எண்ணும் கருவி. ஒவ்வொரு தலைக்கும் ஒரு க்ளிக். எண்பதாவது ஆளிடம் நின்று, அதற்குப் பின்னால் இருந்தவர்களிடம் உறுதி இல்லை என்று சொன்னாள். நான் மனைவிக்கு "இடம் கன்ஃபர்ம்" என்று மெசேஜ் அனுப்பினேன். கூடவே ஒரு கட்டைவிரல் படமும்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. அதே பெண் முன்னாலிருந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டு, மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வந்தாள். ஒட்டினால் கிழித்துத்தான் எடுக்க முடியும் போலிருந்தது.

"அந்தப் பட்டையை வேற ஆளுக்கு மாத்த முடியுமா?" என்று நாற்காலிக்காரரைக் கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்?"

"எனக்கு இல்ல. என் பையனுக்கு."

"எங்க அவன்?"

"வேலையில. எட்டேகாலுக்கு வருவான். நான் இடம் போட்டிருக்கேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இடம் போட முடியாது. யார் நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான். தினமும் இதுக்குச் சண்டை நடக்குது. அஞ்சேகால்லேர்ந்து என் பக்கத்துல நிக்கறீங்க. அப்பவே சொல்லியிருந்தா அவனை உடனே வரச் சொல்லியிருப்பேனே!"

என் மகன் இதைத்தான் போனில் சொன்னான். அவன் ஷிஃப்ட் மாற்றி வைத்திருந்தான். இந்நேரம் அவனே இங்கே நின்றிருப்பான். அதைக் கெடுத்தது நான். மூன்று மணி நேரம் பக்கத்தில் ஒரு விவரம் தெரிந்த மனிதரை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றதும் நான்.

இந்த மாதிரி நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கத்துவது. அந்தப் பெண் என்னிடம் வந்ததும் கத்தினேன். என் மகனுக்காக மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன், இது என்ன நியாயம், உங்கள் மேலதிகாரியைக் கூப்பிடு. அவள் காத்திருந்தாள். என் மூச்சு முடிந்ததும் கேட்டாள்.

"உங்க மகனுக்கு என்ன வயசு?"

"இருபத்து நாலு."

"அப்ப அவர்தான் வரணும். ஏன் அவருக்கு வேணும்?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. பம்ப் ரூமில் பேசுகிற சத்தத்திலேயே சொன்னேன். அது ஒன்றுதான் எனக்கு இருக்கிற சத்தம். "அவன் கே. அவனோட ஃப்ரெண்டுக்கு வந்திருக்கு. இன்னிக்கு நாலாவது நாள். நான்தான் அவனை வரவேண்டாம்னு சொன்னேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. நாற்காலிக்காரர்தான் குறுக்கே புகுந்தார். "அவர் பின்னாடி போகட்டும். ஒவ்வொருத்தரா முன்னாடி விட்டுக்கிட்டே போனா, நீங்க எண்பதாவது ஆள்கிட்ட போறப்ப அவன் வந்திருப்பான்ல?"

அவள் யோசித்தாள். "நான் அங்க வர்றப்ப அவர் அந்த இடத்துல நிக்கணும். நின்னா அவருக்கு. இல்லேன்னா அதுக்குப் பின்னாடி இருக்கறவருக்கு." சொல்லிவிட்டு நாற்பத்து நான்காவது ஆளைப் பார்த்தாள். நான் அவனுக்கு வழிவிட்டேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரிசையில் ஒருவனை எனக்கு முன்னால் விட்டேன்.

முப்பத்தேழு பேரைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். நம் ஊரில் "முன்னாடி போங்க" என்றால் கேள்வி கேட்காமல் போவார்கள், நாம் மனதை மாற்றிக்கொள்வதற்குள். இங்கே ஒருவரும் சும்மா போகமாட்டார்கள். "நிஜமாவா? ஏன்? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் "பையன் வர்றான், அவனுக்கு ஒரு மருந்து" என்று சுற்றி வளைத்தேன். "எல்லாரும் அந்த மருந்துக்குத்தானே நிக்கறோம்?" என்று ஒருவன் கேட்டான். இப்படிச் சுற்றினால் பத்துப் பேருக்குள் அவள் என்னைத் தாண்டிவிடுவாள். சுருக்கினேன். "என் மகன் கே. அவனுக்கு இன்னிக்குள்ள ஊசி போடணும். வந்துகிட்டிருக்கான். நீங்க போங்க." அடுத்தவன். "என் மகன் கே. வந்துகிட்டிருக்கான். போங்க." அடுத்தவன்.

ஒருவர் முதுகில் தட்டினார். ஒருவன் "எனக்கு ஏன் சொல்றீங்க, நான் வேலைக்குப் போகணும்" என்று எரிந்து விழுந்தான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அறுபதாவது ஆளோ என்னவோ, ஆறடி உயரம், கையெல்லாம் பச்சை குத்தியவன், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணீர் விட ஆரம்பித்தான். தன் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான். "அழற நேரமாய்யா இது, முன்னாடி போ!" என்று தமிழிலேயே கத்தினேன். அவனுக்கு எப்படியோ புரிந்தது, போனான். அவன் அப்பா என்ன செய்தார் என்று கேட்டிருக்கலாம். அவரும் ஆயில் கேட்டவராக இருந்திருப்பார்.

நடுநடுவே மகனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மாவில் கை வைத்திருப்பவன் எப்படி எடுப்பான்? எட்டு பதினைந்து. எட்டு இருபது. நான் எண்பதாவது இடத்துக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண் எழுபதைத் தாண்டிவிட்டாள்.

எனக்குப் பின்னால், எண்பத்தொன்றாவது ஆள், டை கட்டிய நடுவயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "உங்க மகன் வரலைன்னா அது என்னோட இடம்" என்றார்.

"வருவான்."

"வரலைன்னா."

"வருவான்னு சொன்னேன்ல?"

"எனக்கும் இன்னிக்கு விட்டா கஷ்டம்" என்றார் அவர், கொஞ்சம் மெதுவாக. நியாயமாகப் பார்த்தால் அந்த இடம் அவருடையதுதான். அவர் நின்றிருந்தார், என் மகன் நிற்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் நியாயம் பார்க்கவில்லை. தெருமுனையை மட்டும் பார்த்தேன்.

எழுபத்தாறு. எழுபத்தேழு.

தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. ஹெல்மெட், கறுப்பு ஏப்ரன், முழங்கைவரை வெள்ளை மாவு. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறான். நான் நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருப்பேன் என்று நினைத்து வரிசையின் முன்பக்கம் பார்த்துக்கொண்டே போனான். என்னைத் தாண்டிப் போய்விட்டான். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அந்தத் தெருவில் எல்லாருமே திரும்பினார்கள்.

"ஏன் இங்க நிக்கறீங்க? முன்னாடி இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

"அதெல்லாம் அப்புறம். இங்க நில்லு. இந்தக் கல்லு மேல நில்லு. அசையாத."

"அப்பா, என்ன நடக்குது?"

"நில்லுடான்னா!"

சைக்கிளை என் மேல் சாய்த்துவிட்டு நின்றான். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் எழுபத்தொன்பதை முடித்துவிட்டு அவனைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இவர்தானா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவன் மணிக்கட்டில் மாவைத் துடைத்துவிட்டுப் பட்டையை ஒட்டினாள்.

டை கட்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சம் ஏதாவது இருந்தால் கூப்பிடுவோம் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவருக்கு எப்போது கிடைத்தது, கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மகன் உள்ளே போய் அரை மணி நேரத்தில் வந்தான். முன்கையின் உள்பக்கம் கொசு கடித்தது போல ஒரு சிறு மேடு. வெளியே ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். அவனுக்குக் கோபம். நியாயமான கோபம்.

"நான் சொன்னேன்ல, விடமாட்டாங்கன்னு?"

"சொன்ன."

"அஞ்சு மணிக்கே பக்கத்துல இருந்தவங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் கிளம்பி வந்திருப்பேன்."

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"வாய் வரல."

"உங்களுக்கா?" என்றான். "உங்களுக்கா வாய் வரல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டான். நாற்காலிக்காரர் உள்ளே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எத்தனை பேரிடம் சொன்னேன் என்பது உட்பட.

"தெரியாதவங்ககிட்ட சொல்றது ஈஸிப்பா" என்றான்.

"ஈஸியா? நீ வேணா சொல்லிப் பாரு" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் யாரிடம் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தெரிந்தவர்களிடம், அதுவும் என்னிடம், அதைச் சொன்னவன் அவன்.

"சாரி" என்றேன். அவன் ஊசி போட்ட இடத்தைச் சொறியப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

பிறகுதான் அவன் சொன்னான். முந்தின நாள் போனில் நான் நிற்கிறேன் என்றபோது, விடமாட்டார்கள் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சரி என்றான். "ரெண்டு வருஷத்துல நீங்க இதுக்காக ஏதாவது செய்யறேன்னது அதுதான் முதல் தடவை. எப்படி வேண்டாம்னு சொல்றது?" உடம்புக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பைத்தியக்காரன் சரி என்றிருக்கிறான். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

ஊசி போட்டாயிற்று என்பதால் நோய் வராது என்று அர்த்தமில்லை. மூன்று வாரம் பார்க்க வேண்டும் என்று காகிதம் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஏற்பாடு என்றால் உத்தரவு. தினமும் காலையில் இரண்டு கை, கழுத்து, முகம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். முதல் மூன்று நாள் முனகினான். பிறகு அவனே ஆறு மணிக்கு அனுப்பிவிடுவான். நான் வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போட்டோவைப் பெரிதாக்கி, இன்ச் இன்ச்சாகப் பார்ப்பேன். என் மகனின் உடம்பில் எத்தனை மச்சம் என்று அவன் குழந்தையாக இருந்தபோதுகூட எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஒன்பதாவது நாள் வந்த போட்டோவில், காதுக்குக் கீழே சிவப்பாக ஒன்று இருந்தது. நான் போன் செய்யவில்லை. லீவும் சொல்லவில்லை. காரை எடுத்து, ஃப்ரீவேயில் என்ன வேகத்தில் போனேன் என்று எழுதினால் போலீஸ் வரும், நேரே பேக்கரி பின்வாசலில் போய் நின்றேன். அவன் வெளியே வந்ததும் கழுத்தைத் திருப்பி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா. ஓவன் ட்ரே சுட்டது."

"எப்ப?"

"நேத்து. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

திரும்பிப் போகும்போது ஒரு ரொட்டி கொடுத்தான். நான் அவன் சுட்ட ரொட்டியை அன்றுதான் முதலில் சாப்பிட்டேன். காரில் உட்கார்ந்து முழு ரொட்டியையும் பிய்த்துத் தின்று முடித்தேன். வேலைக்கு மூன்று மணி நேரம் லேட். சூப்பர்வைசரிடம் பம்ப் பார்ட் வாங்கப் போனேன் என்று பொய் சொன்னேன். சட்டையெல்லாம் ரொட்டித் துகள்.

இருபத்தொன்றாவது நாள் தாண்டியது. ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போட்டோ வரவில்லை. ஆறு ஐந்துக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சுதுப்பா. இனிமே போட்டோ கிடையாது."

"சரி" என்றேன். சரியாக இல்லை. வைக்க மனம் வராமல், "அவனுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"யாருக்குன்னா? அவனுக்குத்தான்."

மகன் சொன்னான். அந்த ஃப்ரெண்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர். வீட்டில் தனியாகத்தான் கிடந்தான். இவன் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவானாம். தொண்டை ஆறிவிட்டது. கையில் மட்டும் இன்னும் இரண்டு இடத்தில் பொருக்கு விழவில்லை, அதனால் வெளியே வருவதில்லை.

"யாரு பாத்தாங்க, விழலைன்னு?"

"அவனே பாத்துக்கறான்."

"அவனுக்கு என்ன தெரியும்? என் நம்பரைக் கொடு. போட்டோ அனுப்பச் சொல்லு."

"அப்பா..."

"ஆறு மணிக்குள்ள அனுப்பச் சொல்லு. அதுக்கப்புறம் எனக்கு வேலை இருக்கு."

அடுத்த நாள் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு, தெரியாத நம்பரிலிருந்து ஒரு கை வந்தது. வெள்ளைத் தோல், நீண்ட விரல்கள், கட்டைவிரல் ஓரத்தில் ஒன்றும் மணிக்கட்டில் ஒன்றுமாகப் பழுப்புப் பொருக்கு. கீழே, குட் மார்னிங் சார் என்று எழுதியிருந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மனைவியும் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "விரலை மடக்க முடியுதான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். ஒரு நிமிஷத்தில் வீடியோ வந்தது. அந்தக் கை மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்தது.